பள்ளி வாசலோடு நின்றுபோகும் உதவிக் கருவிகள்: படிப்பு முடிந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் எங்கே போவது?

விடியற்காலையில் வேன் வரும். சீருடையோடு பிள்ளை ஏறும். மதியம் திரும்பும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வீட்டின் கடிகாரமே அந்த வேன்தான். தாயார் வேலைக்குப் போவதும் சமையல் முடிப்பதும் அதை வைத்துத்தான். சிறப்புக் கல்வி வகுப்பில் இருந்த அந்தப் பிள்ளைக்கு 18 அல்லது 19 வயது ஆகிறது. பள்ளியில் ஒரு சிறிய நிகழ்ச்சி, ஒரு சான்றிதழ், ஒரு படம். அடுத்த தவணையில் வேன் வருவதில்லை.

வேன் மட்டும் நிற்கவில்லை. பிள்ளை பள்ளியில் பயன்படுத்திய கணினி பள்ளியிலேயே இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டிய கருவியும், பிரெய்ல் தட்டச்சும் பள்ளியின் உடைமை. கைபிடித்து வேலை சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அடுத்த மாணவரிடம் போய்விட்டார். கல்வி அமைச்சு சிறப்புத் தேவையுடைய மாணவர்களுக்கு மாதந்தோறும் வழங்கும் 150 ரிங்கிட் உதவித்தொகையும் மாணவர் என்ற தகுதியோடு முடிந்துவிடுகிறது.

மலேசியாவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019-இல் நடைமுறைப்படுத்தியது. கதவு திறந்தது நல்ல காரியம். ஆனால் அந்தக் கதவு வழியே உள்ளே போன பிள்ளைகள் இப்போது ஒவ்வொருவராக மறுபக்கம் வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்பதுதான் இன்றைய கேள்வி.

உதவிக் கருவி என்றால் என்ன?

உதவிக் கருவி என்றதும் பலருக்குச் சக்கர நாற்காலி மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் மூக்குக் கண்ணாடியும் உதவிக் கருவிதான். காது கேட்கும் கருவி, செயற்கைக் கால், வெள்ளைக் கோல், கைப்பேசித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள், பேச முடியாதவர் படத்தைத் தொட்டால் அவருக்காகப் பேசும் செயலி, மருந்து நேரத்தை நினைவூட்டும் மணி என எல்லாமே இதில் அடங்கும்.

உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இத்தகைய கருவி ஒன்றாவது தேவைப்படுகிறது என்றும், அவர்களில் ஏறக்குறைய 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை என்றும் கூறுகிறது.

மலேசியாவில் சமூகநலத் துறையான ஜேகேஎம்மில் பதிவு செய்துகொண்ட மாற்றுத்திறனாளிகள் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர். பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகைக் குறைபாடு என ஏழு பிரிவுகளில் பதிவு நடக்கிறது. இவற்றில் உடல் குறைபாடும் கற்றல் குறைபாடுமே மிகப் பெரிய இரு பிரிவுகள். பதிவு செய்யாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. "அட்டை எடுத்தால் பிள்ளைக்குப் பெயர் கெட்டுவிடும், நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வந்தால் என்ன சொல்வது" என்று தயங்கும் குடும்பங்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு.

உதவிகள் உண்டு, இணைப்புத்தான் இல்லை

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்வது சரியல்ல. பள்ளிக்குள் இருக்கும் ஏற்பாடுகள் கணிசமானவை. சிறப்புக் கல்விப் பள்ளிகள், சாதாரணப் பள்ளிக்குள் இயங்கும் பிபிகேஐ எனும் ஒருங்கிணைந்த வகுப்புகள், மற்ற மாணவர்களோடு சேர்ந்து படிக்கும் வகுப்புகள் என மூன்று வழிகள் உண்டு. எஸ்.பி.எம். தேர்வில் கூடுதல் நேரம், பிரெய்ல் வினாத்தாள், பெரிய எழுத்து வினாத்தாள், வாசிக்கவும் எழுதவும் உதவியாளர் ஆகிய வசதிகளைக் கேட்டுப் பெறலாம். ஷா ஆலமிலும் ஜொகூர் இண்டாபுராவிலும் சிறப்புக் கல்விக்கான தொழிற்கல்வி இடைநிலைப்பள்ளிகள் இருக்கின்றன.

பள்ளிக்கு வெளியேயும் உதவிகள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொன்றும் ஒரு தனி அலுவலகத்தில், ஒரு தனி நிபந்தனையோடு நிற்கிறது.

ஜேகேஎம் வசதி குறைந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி போன்றவற்றை வாங்க உதவுகிறது. அதற்கு ஓகேயு அட்டை வேண்டும், மருத்துவரின் பரிந்துரை வேண்டும், குடும்ப வருமான விவரம் வேண்டும். வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளுக்கு மாத உதவித்தொகை உண்டு. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அது 400 ரிங்கிட்டிலிருந்து 450 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஆனால் அதைப் பெற முதலில் வேலை கிடைத்திருக்க வேண்டும். வேலை செய்யவே இயலாதவர்களுக்கான தொகை அதே ஆண்டு 250-லிருந்து 300 ரிங்கிட்டாக ஆனது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர், அதாவது வேலை செய்ய முடியும், ஆனால் கருவி இல்லாததால் வேலை கிடைக்கவில்லை என்ற நிலையில் உள்ள இளைஞர், எந்தப் பெட்டியிலும் சரியாக அடங்குவதில்லை.

வேலைக்குத் திரும்பும் திட்டத்தைச் சொக்சோ 2007 முதல் நடத்தி வருகிறது. வேலையில் விபத்துக்குள்ளானவருக்குச் செயற்கைக் கால் பொருத்தி, உடற்பயிற்சி கொடுத்து, மீண்டும் வேலைக்கு அனுப்பும் நல்ல திட்டம் அது. ஆனால் அது சந்தா செலுத்திய தொழிலாளிக்கானது. பிறவியிலேயே காலில் குறைபாடுள்ள 19 வயதுப் பிள்ளை இன்னும் ஒரு மாதச் சந்தாகூடச் செலுத்தியதில்லை.

வருமான வரியில் மாற்றுத்திறனாளிக்கான அடிப்படைக் கருவிகள் வாங்கிய செலவுக்கு 6,000 ரிங்கிட் வரை விலக்கு உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கும் பட்டணத்துக் குடும்பத்துக்கு இது உதவும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தந்தைக்கு வரியே இல்லை. வரி இல்லாதவருக்கு வரி விலக்கு எதற்கு? கருவியின் விலை இருவருக்கும் ஒன்றுதான். சலுகை ஒருவருக்கு மட்டும்தான்.

உயர்கல்விக்குப் போகும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உயர்கல்வி அமைச்சின் நிதியுதவி இருக்கிறது. ஆக, பல்கலைக்கழகம், பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி வரை போகிறவருக்கு ஒரு பாலம் உண்டு. வேலையில் சேர்ந்துவிட்டவருக்கு ஒரு பாலம் உண்டு. பள்ளி முடித்து இரண்டுக்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பாலம் இல்லை. தோட்டப்புறப் பிள்ளைகள் பலர் நிற்பது அங்கேதான்.

கருவி கிடைத்தால் போதுமா?

கோயில் திருவிழாவிலும் சங்க விருந்திலும் தேர்தல் காலத்திலும் சக்கர நாற்காலி அன்பளிப்பு நடப்பதைப் பார்க்கலாம். கொடுப்பவரின் மனத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அப்படிக் கொடுக்கப்படும் நாற்காலி பெரும்பாலும் மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிச் செல்லப் பயன்படும் மடக்கு நாற்காலி. ஏறக்குறைய 20 கிலோ எடை. எல்லாருக்கும் ஒரே அளவு. அதில் ஒருவர் அரை மணி நேரம் உட்காரலாம். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. இடுப்பு அளவுக்கு மேல் அகலமாக இருந்தால் முதுகு ஒரு பக்கமாகச் சாயும். சரியான மெத்தை இல்லையென்றால் உட்காரும் இடத்தில் புண் வரும். உணர்ச்சி இல்லாத உடம்பில் அந்தப் புண் வலிக்காது. தெரிய வரும்போது மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையாகிவிடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டி, பயனரை அளந்து பார்ப்பதிலிருந்து பொருத்திக் காட்டுவது, ஓட்டப் பழக்குவது, பிறகு பழுது பார்ப்பது வரை எட்டுப் படிகளைச் சொல்கிறது. மேடையில் மாலை போட்டு நாற்காலி கொடுப்பதில் அந்த எட்டில் எத்தனை நடக்கிறது என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் சேரும். வீட்டு வாசலில் கால்வாய். அதைத் தாண்டினால் செம்மண் சாலை. மழை பெய்தால் நாற்காலியின் சின்ன முன்சக்கரம் சேற்றில் புதையும். பெரிய முன்சக்கரமும் தடித்த டயரும் உள்ள நாற்காலி வேண்டும். கால்வாய்மேல் ஒரு சிமெண்டுப் பலகையும் சாய்தளமும் வேண்டும். அது சில நூறு ரிங்கிட் வேலை. அது இல்லாததால் பல ஆயிரம் ரிங்கிட் நாற்காலி வீட்டு மூலையில் துணி காயப்போடும் இடமாகிவிடுகிறது.

காது கேட்கும் கருவியின் கதையும் இப்படித்தான். அதன் பேட்டரி பொதுவாக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரைதான் தாங்கும். காதுக்குள் பொருந்தும் அச்சு, பிள்ளை வளர வளர மாற்றப்பட வேண்டும். அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் கோக்லியர் கருவி பொருத்திக்கொண்ட பிள்ளைகளுக்கு வெளியே மாட்டும் பகுதி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். மாற்றுவதற்குப் பல்லாயிரம் ரிங்கிட் ஆகும். சிறு வயதில் அரசாங்க உதவியோடும் நன்கொடையோடும் காது கேட்கத் தொடங்கிய பிள்ளை, வேலைக்குப் போகும் வயதில் மீண்டும் மௌனத்துக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. குழந்தைக்கு நன்கொடை திரட்டுவது எளிது. 22 வயது இளைஞருக்கு யார் உண்டியல் குலுக்குவார்?

எந்த மொழியில் பேசும் கருவி?

பார்வையற்றவர்களுக்கு வாழ்க்கையை மாற்றிய கருவி என்றால் அது திரைவாசிப்பான். கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் அது. முன்பு இதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ எனும் திரைவாசிப்பான் முற்றிலும் இலவசம். தமிழையும் மலாயையும் அதனால் வாசிக்க முடியும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் எனும் வசதி காசில்லாமலே உள்ளே இருக்கிறது. அமைப்புகள் பகுதிக்குப் போய் அதை இயக்கினால் போதும். பல வீடுகளில் அது இருப்பதே தெரியாது.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வீட்டில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், வேலையிடத்தில் ஆங்கிலமும் மலாயும். பேச்சுக் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பள்ளியில் மலாய்ச் சொற்கள் கொண்ட பட அட்டையும் செயலியும் கொடுத்துப் பழக்குகிறார்கள். பிள்ளை அதில் "மாக்கான்" என்று தொட்டுக் காட்டும். பாட்டிக்கு அது பழக்கமில்லை. பாட்டி "சோறு வேணுமா" என்று கேட்பாள். பிள்ளையின் கருவியில் சோறு இல்லை. பள்ளிக் கருவி வீட்டில் பேசாவிட்டால் அது பாடப்புத்தகம்போலப் பையிலேயே இருந்துவிடும். ஆசிரியரும் குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து, பிள்ளைக்குத் தேவையான ஐம்பது சொற்களைத் தமிழிலும் பதிவு செய்து கொடுத்தால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

சமூகத்தின் கையில் உள்ள வேறொரு காரியமும் உண்டு. வேலை அறிவிப்பு, பயிற்சி அறிவிப்பு, கோயில் நிகழ்ச்சி, உதவித்தொகைச் செய்தி என எல்லாமே இன்று வாட்ஸ்அப்பில் படமாக வருகின்றன. வண்ணப் பின்னணியில் அழகான எழுத்து. திரைவாசிப்பான் அதைத் தொட்டதும் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். பார்வையற்ற இளைஞருக்கு அது வெற்றுத்தாள். அதே செய்தியைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்து அனுப்பினால் அவர் மற்றவர்களோடு சேர்ந்து படித்துவிடுவார். ஒரு காசு செலவில்லை.

தமிழைக் கணினியில் ஏற்றும் பணியில் மலேசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் இந்த மண்ணில் பிறந்தது. இன்று யூனிகோடு எழுத்தில் தமிழ் எல்லாக் கருவியிலும் தெரிகிறது. யூனிகோடு எழுத்தைத்தான் திரைவாசிப்பானும் வாசிக்கும். பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த மலர்களையும் கையேடுகளையும் அது வாசிக்காது, குழப்பமான ஒலிகளைத்தான் எழுப்பும். தமிழ்ச் சங்கங்கள் தங்கள் வெளியீடுகளை யூனிகோடுக்கு மாற்றுவது மொழிப்பற்றுக்கு மட்டுமல்ல, பார்வையற்ற தமிழருக்கும் செய்யும் சேவை. பார்வையற்றோருக்கான நூல்களைப் பதிப்புரிமைத் தடையின்றி மாற்றித்தர வழிசெய்யும் மராக்கேஷ் ஒப்பந்தத்திலும் மலேசியா 2022-இல் இணைந்துவிட்டது.

பழைய வேலை போனது, புதிய வேலை எங்கே?

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைத் தமிழர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். ஒரு காலத்தில் பார்வையற்றவர் என்றால் கூடை பின்னுவது, உடம்பு பிடித்துவிடுவது, தொலைபேசி இணைப்பாளர் வேலை ஆகிய மூன்றுதான். அதில் தொலைபேசி இணைப்பாளர் வேலையைத் தானியங்கிக் குரல் எடுத்துக்கொண்டது. தொழில்நுட்பம் ஒரு கதவை மூடியது.

அதே தொழில்நுட்பம் வேறு கதவுகளைத் திறந்திருக்கிறது. திரைவாசிப்பான் தெரிந்தவர் வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை செய்யலாம். காது கேளாதவர், பேச்சை எழுத்தாக்கும் செயலியின் துணையோடு மேற்பார்வையாளரின் சொல்லைப் படித்துக்கொள்ளலாம். கற்றல் குறைபாடுள்ள இளைஞர், கைப்பேசியில் படங்களாகப் பதிந்து வைத்த வேலை வரிசையைப் பார்த்து, சமையலறையிலும் கிடங்கிலும் தவறின்றி வேலை செய்யலாம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பயிற்சி வேண்டும், இணைய வசதி வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் செயலிகள் பெரும்பாலும் நல்ல இணைப்பு இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். மரத்தடியில் ஒரு கோடு, வீட்டுக்குள் கோடே இல்லை என்ற நிலையில் உள்ள தோட்டத்தில் அந்தச் செயலி பாதிப் பயன்தான்.

அரசாங்கச் சேவையில் ஒரு விழுக்காட்டு வேலை மாற்றுத்திறனாளிகளுக்கு என்பது 1988 முதல் இருக்கும் கொள்கை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஒரு விழுக்காடு இன்னும் எட்டப்படவில்லை. தனியார் துறையில் மாற்றுத்திறனாளியை வேலைக்கு அமர்த்தும் முதலாளி, அவருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு இரட்டை வரிக் கழிவு கேட்கலாம். அவருக்கு உதவும் கருவி வாங்கிய செலவையும் கழித்துக்கொள்ளலாம். அச்சகம், உணவகம், கணக்கர் அலுவலகம் நடத்தும் தமிழ் முதலாளிகள் தங்கள் கணக்காளரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். தருமத்துக்காக வேலை கொடுக்கச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தே கொடுக்கலாம்.

பாலத்துக்கு அப்பால் எப்படி?

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரில் வேறொரு முறை இருக்கிறது. 2013-இல் அமைக்கப்பட்ட எஸ்ஜி எனேபிள் அமைப்பு, உதவிக் கருவிகளுக்கான ஒரு நிதியை நடத்துகிறது. தகுதி பெறும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கருவி விலையில் 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. ஒருவரின் வாழ்நாளுக்கு 40,000 சிங்கப்பூர் டாலர் வரை என்பது உச்சவரம்பு. இங்கே கவனிக்க வேண்டியது தொகையை அல்ல, "வாழ்நாளுக்கு" என்ற சொல்லை. பள்ளிக்கும் அதே நிதி, பயிற்சிக்கும் அதே நிதி, வேலைக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் அதே நிதி. உதவி பள்ளியைச் சார்ந்து இல்லை, மனிதரைச் சார்ந்து இருக்கிறது.

சிறப்புப் பள்ளி மாணவர்களுக்குக் கடைசி ஆண்டிலேயே வேலைப் பயிற்சியும் வேலை இடமும் தேடித்தரும் பள்ளியிலிருந்து வேலைக்கு எனும் திட்டமும் அங்கே 2014-இல் தொடங்கியது. 2030-க்குள் வேலை வயதிலுள்ள மாற்றுத்திறனாளிகளில் 40 விழுக்காட்டினர் வேலையில் இருக்க வேண்டும் என்று அந்நாடு இலக்கு வைத்திருக்கிறது. இலக்கே 40 என்றால் அங்கும் பாதிக்கு மேற்பட்டோர் வேலைக்கு வெளியேதான் இருக்கிறார்கள் என்பது பொருள். சிறிய நாடு, பணக்கார நாடு என்பதும் உண்மை. ஆனால் ஒரே கோப்பு, ஒரே நிதி, ஒரே வாசல் என்ற முறைக்குப் பெரிய பணம் தேவையில்லை. ஏற்கெனவே செலவழிக்கும் பணத்தை ஒழுங்குபடுத்தினாலே போதும்.

மலேசியாவில் சட்டம் இல்லாமலும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 நடப்பில் இருக்கிறது. கல்வி, வேலை, தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம அணுகல் உண்டு என்று அது சொல்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை மலேசியா 2010-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2008 சட்டத்தை மீறினால் தண்டனை இல்லை. அரசாங்கத்துக்கு எதிராக வழக்குத் தொடரவும் அது இடம் தரவில்லை. பல் இல்லாத சட்டம் என்று மாற்றுத்திறனாளி அமைப்புகள் நெடுங்காலமாகச் சொல்லி வருவதற்குக் காரணம் இதுதான்.

இப்போதே செய்யக்கூடியவை

சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அரசாங்கம் செய்ய வேண்டிய முதல் காரியம், பள்ளியில் பிள்ளை பயன்படுத்திய கருவியை, அல்லது அதற்கு ஈடான ஒன்றை, அவரோடு வீட்டுக்கு அனுப்புவது. இரண்டாவது, பள்ளிக் கோப்பை ஜேகேஎம்முக்கும் வேலை வாய்ப்புப் பிரிவுக்கும் மாற்றிக் கொடுப்பது. பெற்றோர் மறுபடியும் முதலிலிருந்து கதை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மூன்றாவது, பழுதுபார்க்கும் இடம். சைக்கிள் கடைக்காரருக்கு நாற்காலியின் டயரும் பேரிங்கும் தெரியும். அவருக்குக் கொஞ்சம் பயிற்சியும் உதிரிபாகமும் கொடுத்தால் ஒவ்வொரு சிறுபட்டணத்திலும் ஒரு பழுதுபார்ப்பு நிலையம் கிடைத்துவிடும்.

பெற்றோர் செய்யக்கூடியவையும் உண்டு.

பிள்ளைக்கு ஓகேயு அட்டை இல்லையென்றால் இப்போதே பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. பள்ளிக்குப் பிந்தைய உதவிகளில் பெரும்பாலானவை அந்த அட்டையோடுதான் தொடங்குகின்றன.

கடைசி ஆண்டு வரை காத்திருக்காதீர்கள். படிவம் மூன்றிலேயே ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: பிள்ளை பள்ளியில் எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறது? அது இல்லாமல் எதைச் செய்ய முடியாது? வீட்டில் அதற்கு மாற்று என்ன? பதிலை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடமும் சமூகநல அலுவலகத்திலும் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

கருவி வாங்கும் முன் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். வாங்கிய பிறகு போய்க் கேட்பதைவிட முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தின் நகலையும் பள்ளி அறிக்கைகளையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

கைப்பேசியைப் பிள்ளையிடமிருந்து மறைக்காதீர்கள். விளையாட்டுக்கு மட்டும் என்று நினைக்கும் அந்தக் கருவியிலேயே திரைவாசிப்பும், பேச்சை எழுத்தாக்கும் வசதியும், நினைவூட்டலும் இருக்கின்றன. பேருந்து நேரம் பார்ப்பது, கடையில் கியூஆர் மூலம் பணம் செலுத்துவது, அம்மாவுக்கு இருக்கும் இடத்தை அனுப்புவது ஆகிய மூன்றையும் பிள்ளை தனியாகச் செய்யப் பழகினால் வேலைக்குப் போகும் பாதி வழி கடந்தாயிற்று.

வீட்டுக்கு அருகில் பிடிகே எனும் சமூக மறுவாழ்வு மையம் இருக்கிறதா என்று பாருங்கள். 1984-இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய இந்தத் திட்டம் இன்று நாடு முழுக்க இயங்குகிறது. உடற்குறை உள்ளவர்களுக்குப் பாங்கியில் ஜேகேஎம் நடத்தும் தொழிற்பயிற்சி மறுவாழ்வு மையமும் இருக்கிறது. வேலை தேடும் காலத்தில் சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்திலும் பதிந்து வையுங்கள்.

ஆலயங்களும் சங்கங்களும் அடுத்த முறை பத்து நாற்காலி கொடுக்க நினைத்தால், ஐந்து நாற்காலியை அளந்து பொருத்திக் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தில் ஐந்து வீட்டு வாசலில் சாய்தளம் கட்டிக் கொடுக்கலாம். மேடையில் படம் கொஞ்சம் சிறியதாக இருக்கும். ஐந்து பேர் வீட்டைவிட்டு வெளியே வருவார்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வது? அந்தக் கேள்விக்கு முழுப் பதிலை எந்தக் கருவியும் தராது. ஆனால் தானாகக் குளித்து, தானாகப் பேருந்து ஏறி, தன் சம்பளத்தில் தாய்க்கு ஒரு சேலை வாங்கித்தரும் பிள்ளையின் வீட்டில் அந்தக் கேள்வியின் பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். பள்ளி வேன் நின்ற பிறகு அந்தப் பிள்ளை ஏறவேண்டிய அடுத்த வண்டி எது என்பதை, வேன் வந்துகொண்டிருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்.